மாதர் கூட்டமும் விருந்தினர் உரையும்: வித்துராப் பகுதியை முன்வைத்து ஒரு பாடம்

மாதர் சங்கக் கூட்டத்திற்கு வெளியிலிருந்து ஒருவரை அழைத்துப் பேசச் செய்வது நம் நாட்டில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இருந்துவரும் வழக்கமாகும். மருத்துவர் வருவார், வேளாண்மை அலுவலர் வருவார், வங்கி மேலாளரும் வழக்கறிஞரும் வருவார்கள். வரவேற்புரை, பொன்னாடை, சொற்பொழிவு, நன்றியுரை, தேநீர் என்ற வரிசையில் கூட்டம் நிறைவுறும். வட்டார அலுவலகத்தின் மாத அறிக்கையில் ‘கூட்டம் ஒன்று நடத்தப்பெற்றது, இத்தனை பேர் கலந்துகொண்டனர்’ என்று ஒரு வரி சேரும். கூட்டம் பயன்பட்டதா, இல்லையா என்பதை அந்த வரியிலிருந்து அறிய வழியில்லை.

ஊரக வளர்ச்சி பயிலும் மாணவர்களும், இத்தகைய கூட்டங்களை ஏற்பாடு செய்யும் பொறுப்பில் உள்ள அலுவலர்களும் இதனை ஒரு தனிப் பாடமாகவே எடுத்துக்கொண்டு ஆராய்வது தகும். பேச்சாளரின் சொல்வன்மையால் கூட்டத்தின் தரம் அமைவதில்லை. பேசவேண்டிய பொருளைத் தீர்மானித்தவர் யார், பேச்சாளர் விடைபெற்றுச் சென்றபின் அப்பொருள் யார் கையில் தங்கியது என்னும் இரண்டையும் பொறுத்தே அது அமைகிறது. இக்கருத்தை விளக்கக் கேரள மாநிலம் திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடி மலையின் அடிவாரத்தில் உள்ள வித்துராவையும் அதைச் சூழ்ந்த பகுதியையும் எடுத்துக்கொள்வோம். அதற்கு முன் இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகக் காண்பது நல்லது.

ஓர் உரையிலிருந்து பிறந்த இயக்கம்

கனடா நாட்டின் ஒண்டேரியோ மாநிலத்தில் ஸ்டோனி கிரீக் என்னும் ஊர் உள்ளது. 1897ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவ்வூர் உழவர் சங்கம் மகளிருக்கென ஒரு மாலைக் கூட்டம் நடத்தி, அடிலெய்டு ஹூட்லெஸ் என்ற அம்மையாரைப் பேச அழைத்தது. தம் கைக்குழந்தையை நோய்க்கு இழந்தவர் அவர். தூய்மையற்ற பாலே அதற்குக் காரணம் என்று நம்பியவர். கால்நடை பேணும் அறிவை உழவர்கள் சங்கம் வைத்துக் கற்கும்போது, குழந்தை பேணும் அறிவைப் பெண்கள் ஏன் சங்கம் வைத்துக் கற்கக்கூடாது என்பதே அவர் முன்வைத்த கருத்து. அடுத்த வாரமே நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் அதே ஊரில் மீண்டும் கூடினர். மகளிர் நிலையம் என்ற அமைப்பு அன்று தோன்றி, 1915இல் பிரிட்டனுக்கும், பின்னர் வேறு பல நாடுகளுக்கும் பரவியது. விருந்தினர் ஒருவரின் உரையே ஓர் இயக்கத்துக்கு வித்தாயிற்று. எனினும் அந்த மாலைப் பொழுதைவிட, அடுத்த வாரம் பெண்கள் தாமே திரும்பி வந்த அந்த நாளே மாணவர் நினைவில் கொள்ளத்தக்கது.

நம் நாட்டில் 1917ஆம் ஆண்டு மே மாதம் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பெற்றது. அன்னி பெசன்ட் அம்மையார் அதன் முதல் தலைவர். மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோர் முன்னின்று உழைத்தவர்கள். பின்னர் 1927இல் புனாவில் அனைத்திந்திய மாதர் மாநாடு கூடிற்று. அம்மாநாட்டின் வரலாற்றில் நம் பாடத்திற்கு மிகவும் பொருந்திய நிகழ்ச்சி ஒன்று, வித்துராவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவனந்தபுரம் நகரிலேயே நடந்தது.

1935ஆம் ஆண்டின் இறுதியிலும் 1936ஆம் ஆண்டின் தொடக்கத்திலுமாக அம்மாநாட்டின் ஆண்டுக் கூட்டம் திருவனந்தபுரத்தில் நடைபெற்றது. திருவிதாங்கூர் மகாராணி சேது பார்வதி பாயி தலைமை வகித்தார். மாநாட்டார் அழைப்பை ஏற்று வந்திருந்த விருந்தினர்களுள் ஒருவர் அமெரிக்காவைச் சேர்ந்த மார்கரெட் சாங்கர். கருத்தடை பற்றிய அறிவு எல்லாப் பெண்களுக்கும் கிட்டவேண்டும் என்பதற்காகத் தம் நாட்டில் சிறை சென்றவர். திருவனந்தபுரம் வருமுன் வார்தாவில் காந்தியடிகளைச் சந்தித்து உரையாடியிருந்தார். அடிகள் செயற்கைக் கருத்தடை முறைகளை ஏற்கவில்லை. புலனடக்கமே வழி என்றார். இருவரும் கருத்து மாறுபட்டே பிரிந்தனர்.

திருவனந்தபுரத்திலும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. கத்தோலிக்கப் பெண்கள் சமய நெறியின் அடிப்படையில் வன்மையாக மறுத்துப் பேசினர். விவாதத்திற்குப் பின் தீர்மானம் வாக்கெடுப்பில் நிறைவேறியது. இங்கே இரு செய்திகள் கருத்தூன்றத்தக்கவை. முதலாவது, சாங்கர் அம்மையார் தாமாக வந்து புகுந்தவரல்லர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே மாதர் மாநாட்டில் இப்பொருள் பேசப்பட்டு வந்தது. தாம் ஏற்கெனவே வாதிட்டுக்கொண்டிருந்த ஒரு பொருளுக்கு அறிவு தருபவரைப் பெண்கள் தேடி அழைத்தனர். இரண்டாவது, மறுத்துப் பேசுவோருக்கும் அதே கூடத்தில் இடம் இருந்தது. விருந்தினரின் மனம் கோணாதிருக்க வேண்டும் என்பதற்காக எவரும் வாய் மூடியிருக்கவில்லை.

அக்கூட்டத்தில் ஒரு பெருங்குறையும் இருந்தது. அங்கு அமர்ந்திருந்தோர் பெரும்பாலும் ஆங்கிலக் கல்வி பெற்ற, வசதி படைத்த குடும்பத்துப் பெண்கள். ஆண்டுக்கொரு குழந்தை பெற்று நலிந்த கூலித் தொழிலாளிப் பெண் அங்கு இல்லை. அவளைப் பற்றிப் பேசினார்கள், அவளோடு பேசவில்லை. அவளையும் கூட்டத்தில் அமர்த்தும் பணி விடுதலைக்குப் பின் அரசின் பொறுப்பாயிற்று.

அரசின் கடமையானபோது

1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமூக வளர்ச்சித் திட்டம் தொடங்கிற்று. மறு ஆண்டில் துர்காபாய் தேஷ்முக் அம்மையாரின் தலைமையில் மத்திய சமூக நல வாரியம் அமைந்தது. கிராமசேவிகைகள் பயிற்றுவிக்கப்பெற்று, ஊர்தோறும் மாதர் சங்கங்கள் அமைக்க முனைந்தனர். ஊருக்குப் புதியவரான ஓர் இளம்பெண், மாட்டுத் தொழுவத்தின் ஓரத்திலோ பள்ளித் திண்ணையிலோ பத்துப் பெண்களைக் கூட்டி உட்காரவைத்ததே அன்றைய நிலையில் பெரிய வெற்றிதான். அவ்வுழைப்பைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது.

ஆனால் பேசும் பொருள் மேலிருந்து வந்தது. தையல், பின்னல், ஊறுகாய், குழந்தை வளர்ப்பு ஆகியவை பயிற்சி ஏட்டில் இருந்தன. எனவே ஊரிலும் அவையே பேசப்பட்டன. நாற்று நடுபவளும் களை எடுப்பவளும் பெண்ணாக இருக்க, உரம் பற்றியும் விதை பற்றியும் பேச வந்த அலுவலர் ஆண்களின் கூட்டத்திற்கே சென்றார். மகளிர் நிலையை ஆராய அமைக்கப்பெற்ற தேசியக் குழு 1974இல் தன் அறிக்கையை அளித்தபோது, ஊர்தோறும் சட்டப்படியான மகளிர் பஞ்சாயத்துகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. கேட்போராக மட்டும் இருந்த பெண்கள் தீர்மானிப்போராக வேண்டும் என்ற எண்ணமே அப்பரிந்துரைக்கு அடிப்படை எனலாம். அப்பரிந்துரை அவ்வாறே நடைமுறைக்கு வரவில்லை. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கியது; கேரளம் 2010ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் அதனைப் பாதியாக உயர்த்தியது.

கேரளத்தில் இதனுடன் வேறொரு மாற்றமும் நேர்ந்தது. 1998ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் மலப்புறத்தில் ‘குடும்பஸ்ரீ’ இயக்கம் தொடங்கிவைக்கப்பெற்றது. அதன் அடித்தளம் அயல்கூட்டம். அண்டை வீடுகளைச் சேர்ந்த 10 முதல் 20 பெண்கள், வீட்டுக்கு ஒருவர் வீதம் சேர்ந்து, வாரந்தோறும் ஓர் உறுப்பினரின் வீட்டில் கூடுகின்றனர்; சிறுசேமிப்புத் தொகையைச் செலுத்துகின்றனர்; கடன் தீர்மானிக்கின்றனர். வார்டு அளவில் இவற்றின் கூட்டமைப்பும், ஊராட்சி அளவில் அதற்கு மேலான அமைப்பும் உண்டு. தலைவர், செயலர் ஆகியோரோடு சுகாதாரமும் கல்வியும், வருவாய்த் தொழில், அடிப்படை வசதி ஆகியவற்றுக்குத் தனித்தனித் தொண்டர்களும் ஒவ்வோர் அயல்கூட்டத்திலும் இருக்கின்றனர். நம் பாடத்திற்கு இந்த அமைப்பு இன்றியமையாதது. பழைய மாதர் சங்கம் விருந்தினர் வரும் நாளில் மட்டும் கூடும். அயல்கூட்டமோ விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த வாரம் கூடியே தீரும். கேட்ட செய்தியைத் திரும்ப எடுத்துப் பேச அங்கு ஒரு நாள் இருக்கிறது.

வித்துராவில் நேரம் என்பது யாது?

நெடுமங்காடு வட்டத்தைச் சேர்ந்தது வித்துரா. வாமனபுரம் ஆறு அதனருகே பாய்கிறது. ரப்பர்த் தோட்டங்களும், மலைமேல் தேயிலைத் தோட்டங்களும், காட்டை ஒட்டிக் காணிக்காரர் குடியிருப்புகளும் உள்ளன. இதே காணிக்காரர் மலைக்கு இப்புறம் பாபநாசம், கன்னியாகுமரிப் பகுதிகளிலும் வாழ்கின்றமையால் தமிழக அலுவலர்களுக்கும் இப்பாடம் அயலானதன்று. 2008இல் நிறுவப்பெற்ற இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகமும் வித்துராவிலேயே அமைந்திருக்கிறது. ஆராய்ச்சி அறிஞரும், ரப்பர்ப் பால் எடுக்கும் பெண்ணும் ஒரே கடைத்தெருவில் காய் வாங்கும் ஊர் அது. விருந்தினரைத் தேடி நெடுந்தூரம் போகவேண்டிய தேவை இல்லை.

அங்கு அரிதாக இருப்பது பெண்களின் நேரமே. ரப்பர் மரத்தில் விடியுமுன் கீறினால்தான் பால் நன்கு வடியும். பிறகு சிரட்டைகளில் சேர்ந்த பாலைத் திரட்டி, உறையவைத்து, தகடாக அழுத்தி முடிப்பதற்குள் நண்பகல் ஆகிவிடும். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடந்த ஊரக வேலை உறுதிப் பணிகளில் கேரளத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு மனித நாட்கள் பெண்களுடையவையாக இருந்தன. அத்தகைய வேலைக்குச் செல்பவள் மாலையில்தான் வீடு திரும்புவாள்; அடுப்பும் விறகும் அவளுக்காகக் காத்திருக்கும். முற்பகல் 11 மணிக்குக் கூட்டம் என்று அலுவலகம் அறிவித்தால் கூலி வேலைக்குச் செல்லாத பெண்களே வருவர். அவர்களும் வரவேண்டியவர்களே. ஆனால் ‘இத்தனை பேர் கலந்துகொண்டனர்’ என்ற வரியில் யார் வரவில்லை என்பது மறைந்துபோகிறது. ஞாயிறு பிற்பகலில் அயல்கூட்டங்கள் கூடுவது தற்செயலானதன்று; பெண்கள் தாமே கண்டறிந்த நேரம் அது. அலுவலருக்கு விடுமுறை நாள் என்பதால் பெண்களின் நேரத்தை மாற்றுவதைவிட, அலுவலர் தம் விடுமுறையை மாற்றிக்கொள்வதே முறை.

மருத்துவர் பேசும் நாள்

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் கேரளத்தில் எலிக்காய்ச்சல் ஆண்டுதோறும் உயிர்ப்பலி வாங்குகிறது. எலி முதலிய விலங்குகளின் சிறுநீரில் உள்ள கிருமி, தேங்கிய நீரிலும் சேற்றிலும் கலந்து, காலில் உள்ள சிறு வெடிப்பு வழியாகவும் கீறல் வழியாகவும் உடலுள் புகுகிறது. வாய்க்கால் தூர்வாருவோர், வயலில் இறங்குவோர், மாட்டுத் தொழுவம் கழுவுவோர் ஆகியோருக்கே ஆபத்து மிகுதி. அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு வெள்ளத்திற்குப்பின் இந்நோய் பரவியபோது, டாக்சிசைக்ளின் மாத்திரை மாநிலமெங்கும் வழங்கப்பெற்றது.

இப்பொருள் பற்றிப் பேச மருத்துவர் ஒருவர் வருகிறார் எனக் கொள்வோம். கிருமியின் பெயர், அது கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு, நோயின் நிலைகள், சிறுநீரகத்தையும் கல்லீரலையும் அது தாக்கும் முறை ஆகியவற்றை முக்கால் மணி நேரம் விளக்குகிறார். உரை செம்மையானதுதான். ஆனால் கேட்பவள் மனத்தில் இருப்பவை வேறு. மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கினால் வயிறு எரிகிறதே, என்ன செய்வது? வேலைக்குப் போகும் நாளில் மட்டும் விழுங்கினால் போதுமா? என் மருமகள் கருவுற்றிருக்கிறாள், அவளும் விழுங்கலாமா? காய்ச்சல் வந்தால் சாதாரணக் காய்ச்சலா, இதுவா என்று எப்படி அறிவது?

இவற்றுக்கு விடை எளியது. சேற்றிலும் தேங்கிய நீரிலும் வேலை செய்யும் பெரியவர்களுக்கு வாரம் ஒரு முறை 200 மில்லிகிராம் என்பதே கேரளச் சுகாதாரத் துறை பின்பற்றிவரும் முறை. உணவுக்குப் பின், நிறைய நீருடன் விழுங்கவேண்டும். விழுங்கிய உடனே படுக்கக் கூடாது. கருவுற்றவர்களுக்கும், பாலூட்டுவோருக்கும், சிறு குழந்தைகளுக்கும் இம்மாத்திரை ஏற்றதன்று. அவர்களுக்கு மருத்துவர் வேறு மருந்து தருவார். கடுங்காய்ச்சலுடன் கெண்டைக்கால் தசையில் தாங்க இயலாத வலியும் கண் சிவப்பும் இருந்தால், வீட்டில் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். சேற்றில் வேலை செய்ததை மருத்துவரிடம் மறவாமல் கூறவேண்டும். இவ்வளவையும் சொல்லப் பத்து நிமிடம் போதும். உயிர் காப்பது இப்பத்து நிமிடமே.

கேள்வி எழாமல் போவதற்குக் காரணம் அறியாமை அன்று, கூச்சம். பொன்னாடை போர்த்தப்பெற்று மேடையில் அமர்ந்திருப்பவரை வயிற்றெரிச்சல் பற்றிக் கேட்க யாருக்குத்தான் வாய் வரும்? ஆகவே முந்தைய வாரக் கூட்டத்திலேயே கேள்விகளைத் திரட்டி, சுகாதாரத் தொண்டர் வாயிலாக மருத்துவருக்கு முன்கூட்டி அனுப்பிவிடுதல் நன்று. யார் கேட்டது என்று குறிப்பிடத் தேவையில்லை. மகளிர் நோய் பற்றிய கூட்டமாயின் இது இன்றியமையாதது. மருத்துவரும் தாம் பேசவேண்டியதைப் பாடநூலிலிருந்து தேடாமல் அத்தாளிலிருந்து எடுத்துக்கொள்வார். மாத்திரையை யார் விழுங்கினர், யார் நிறுத்திவிட்டனர், ஏன் நிறுத்தினர் என்று அடுத்த மூன்று வாரங்கள் அயல்கூட்டத்திலேயே விசாரித்தறிந்து சுகாதாரப் பணியாளருக்குத் தெரிவித்தால், அதுவே உரையின் எஞ்சிய பகுதியாகும். மழைக்காலம் முடிந்தபின், ஆண்டுத் திட்ட இலக்கை நிறைவு செய்வதற்காக இதே பொருளில் கூட்டம் நடத்துவது வீண் செலவு.

வழக்கறிஞர் பேசும் நாள்

மருத்துவர் உரையைவிடக் கடினமானது சட்டம் பற்றிய உரை. ‘பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை உண்டு’ என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுச் செல்லும் பேச்சாளர்கள் உண்டு. வித்துரா போன்ற ஊரின் கூட்டத்தில் அவ்வாக்கியம் அரைகுறை உண்மையே. ஏனெனில் ஒரே பாயில் அமர்ந்திருக்கும் பெண்களை வெவ்வேறு சட்டங்கள் ஆள்கின்றன.

இந்துப் பெண்ணுக்கு 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டமும் 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் உள்ளன. கூட்டுக்குடும்ப முறையைக் கேரளம் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கிவிட்டமையால், தமிழ்நாட்டு நூலைப் பார்த்துக் கேரளப் பெண்ணுக்கு விடை கூறுதல் ஆகாது. முஸ்லிம் பெண்ணுக்கு ஷரியத் முறை. அதன்படி மகளுக்கு மகனின் பங்கில் பாதி. கிறிஸ்தவப் பெண்ணின் நிலை தனி வரலாறு. 1916ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயிலின்றி இறந்த தந்தையின் சொத்தில் மகளுக்குக் கிடைத்தது மகன் பங்கில் நாலிலொன்று அல்லது ரூ.5,000, இவற்றுள் எது குறைவோ அது மட்டுமே. மேரி ராய் என்ற கோட்டயத்து ஆசிரியை உச்ச நீதிமன்றம் வரை சென்று வழக்காடினார். 1986ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் வந்த தீர்ப்பு, 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமே இவர்களுக்கும் பொருந்தும் என்று கூறிற்று. மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. தீர்ப்பு 1951 முதல் செல்லுபடியாகும் என்றும் ஆயிற்று. எனினும் உயில் எழுதி மகளை விலக்கும் வழி திறந்தே இருக்கிறது. இதனைச் சொல்லாமல் விடும் உரை பெண்ணுக்குப் பொய்யான நம்பிக்கை அளிப்பதாகும்.

காணிக்காரப் பெண்ணின் நிலையோ முற்றிலும் வேறு. 1956ஆம் ஆண்டுச் சட்டம் பழங்குடியினருக்குத் தானாகப் பொருந்தாது. அவர்கள் வழக்காறே பேசும். ஆனால் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், பயிரிட்டுவரும் காட்டு நிலத்திற்கான உரிமைப் பத்திரத்தைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகவே வழங்கவேண்டும் என்கிறது. அந்நிலத்தை விற்க இயலாது, வழிவழியாக அனுபவிக்கலாம். தன் வீட்டுப் பெட்டியில் உள்ள பத்திரத்தில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும்படி ஒரு பெண்ணிடம் சொல்வதே சட்டம் பற்றிய சிறந்த சொற்பொழிவு. இல்லையெனில் எந்த அலுவலகத்தில், எந்தத் தாளுடன் முறையிடுவது என்பது அதன் இரண்டாம் பகுதி.

ஆகவே வழக்கறிஞரை அழைக்குமுன், வரப்போகும் பெண்கள் யார் யார் என்பதை அவருக்குத் தெரிவிக்கவேண்டும். பெரிய மண்டபத்தில் முந்நூறு பேரைக் கூட்டுவதைவிட, இரண்டு மூன்று அயல்கூட்டங்களை மட்டும் சேர்த்து நடத்துவது இப்பொருளுக்கு ஏற்றது. முந்நூறு பேர் முன்னிலையில் தன் அண்ணன் மீது குறைகூற எந்தப் பெண்ணும் எழமாட்டாள்.

பேசுபவர் யார், கேட்பவர் யார்?

1987ஆம் ஆண்டு இறுதியில், வித்துராவுக்கு அருகில் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனத்தோடு தொடர்புடைய அறிஞர் குழு ஒன்று அகத்தியமலைக் காட்டிற்குள் சென்றது. களைப்பின்றி நடந்த காணி இளைஞர்கள் ஒரு செடியின் பழத்தைத் தின்றுவந்ததை அறிஞர்கள் கவனித்தனர். அச்செடியே ஆரோக்கியப் பச்சை. அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து உருவாக்கப்பெற்று, 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு ரூ.10 லட்சம் உரிமக் கட்டணத்திற்கு வழங்கப்பெற்றது. அத்தொகையிலும் விற்பனை மீதான பங்கிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவு செய்து, 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் பதிவாயிற்று. மரபறிவுக்குப் பங்கு அளித்த முன்னோடி ஏற்பாடு என உலக அரங்கில் இது புகழ்பெற்றது.

ஆயினும் இதில் ஒரு குறையும் பேசப்பட்டது. குற்றிச்சல் பகுதிக் காணிகளுடன் அறிஞர்களுக்குப் பழக்கம் இருந்தது. வித்துரா, பெரிங்கம்மலைப் பகுதிகளில் வாழ்ந்த காணிகளில் பலர், தம்மைக் கலந்து பேசாமலே தம் இனத்துக்குரிய அறிவு வெளியே சென்றது என்று வருந்தினர். நல்ல நோக்கத்துடன் செய்யப்பெற்ற செயலிலும் ஒரு கூட்டம் குறைந்திருந்தது. விருந்தினர் உரை என்ற நம் பொருளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று மாணவர் கேட்கலாம். அறிவு நகரத்திலிருந்து மலைக்குச் செல்வது ஒன்றையே வழி என நாம் எண்ணிவிட்டோம். மலையிலிருந்து நகரத்திற்குச் சென்ற அறிவுக்குக் காப்புரிமை, உரிமக் கட்டணம், விற்பனைப் பங்கு எல்லாம் உண்டு. அதனைக் கூறியவர்களுக்கு ‘விருந்தினர்’ என்ற இருக்கை மட்டும் இல்லை.

இவ்வெண்ணம் மாறிவருவதற்கு அறிகுறிகள் உள்ளன. 2023ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் தொடங்கி டிசம்பர் வரை, குடும்பஸ்ரீ ‘திரிகே ஸ்கூளில்’, அதாவது ‘மீண்டும் பள்ளிக்கு’ என்ற பெயரில் மாநிலம் தழுவிய ஒரு முயற்சியை நடத்தியது. ஏறத்தாழ 46 லட்சம் உறுப்பினர்களை விடுமுறை நாட்களில் தத்தம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அமரச் செய்வது நோக்கம். காலையில் மணி அடித்தது, வணக்கப்பாட்டு நடந்தது, கட்டுச்சோற்றுடன் வந்த பாட்டிமார் சிறுவர் பலகையில் அமர்ந்தனர். அமைப்பு, கணக்கு, தொழில், இணையப் பயன்பாடு முதலியன பாடங்கள். நடத்தியவர்களுள் பலர் குடும்பஸ்ரீயிலிருந்தே பயிற்சி பெற்று வந்த பெண்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவர் அதே வகுப்பறையில் ஆசிரியராக நிற்கக்கூடும் என்பதை இம்முயற்சி காட்டியது. சிறு கடையை நட்டத்திலிருந்து மீட்டவளும், வங்கிக் கடன் மறுக்கப்பட்டு மும்முறை நடந்து பெற்றவளும் பேச வந்தால் கேள்விகள் தாமே எழுகின்றன. வங்கி மேலாளரையும் அதே நாளில் அழைத்து, அவள் பேசிமுடித்தபின் பேசச் சொல்லலாம். வரிசையை மாற்றிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

அலுவலர்களுக்கு ஒரு சொல்

ஆண்டுத் தொடக்கத்திலேயே பன்னிரண்டு மாதத்திற்கும் பன்னிரண்டு பேச்சாளர்களை அலுவலகத்தில் அமர்ந்து வரையறுத்துவிடும் பழக்கம் உண்டு. நிதி ஒதுக்கீட்டிற்கு அது வசதியாக இருக்கலாம். பாதியையேனும் வெற்றிடமாக விட்டு, பொருளை அயல்கூட்டங்கள் நிரப்பும்படி செய்தால் நலம். பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் ஆகும் செலவை, மலைக் குடியிருப்பிலிருந்து வரும் பெண்களின் வண்டிக்கூலிக்குத் திருப்பிவிடலாம். தணிக்கையாளர் வினா எழுப்பினால் விடை கூறுவதும் எளிது. பேச்சுக்கு இருபது நிமிடம், கேள்விக்கு நாற்பது நிமிடம் என்று முன்னரே விருந்தினரிடம் சொல்லிவிடவேண்டும். பெரும்பாலோர் இதனை ஏற்றுக்கொள்வர். ஏற்காதவரை அடுத்த முறை அழைக்காமலிருக்கலாம்.

கூட்டக் குறிப்பேட்டிலும் ஒரு மாற்றம் வேண்டும். வந்தவர் எண்ணிக்கைக்குக் கீழே மூன்று வரிகள் சேர்த்தால் போதும்: கேட்கப்பட்ட கேள்விகள், அவற்றுள் விடை கிடைக்காதவை, அவ்விடைகளைத் தருவதாக விருந்தினர் ஒப்புக்கொண்ட நாள். மூன்றாவது வரியை, அவருடைய வண்டி புறப்படுமுன் அவர் கையாலேயே எழுதச் சொல்லவேண்டும்.